ஓட்டுப் போடுமுன்: பழைய கன்ட்ரி பாட்டு ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்



எல்லாக் காலத்துக்கும் தலைசிறந்த பழைய கன்ட்ரி பாட்டு எது என்று நீங்கள் கூடி ஓட்டெடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். உங்களில் பலர் இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பிலும் பிறகு கேசட்டிலும் இந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். டென்னஸி மாநிலம் அமெரிக்க வரைபடத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே ஸ்டீல் கிட்டாரின் இழுவை உங்கள் காதில் குடியேறிவிட்டது. ஆகவே ஓட்டு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம். ஜிம் ரீவ்ஸ் பெட்டியை நிரப்பிவிடுவார்.

அவர் மேல் எனக்கும் பிரியம் உண்டு. டெக்ஸஸில் பிறந்து, வானொலி அறிவிப்பாளராக இருந்து, பாட வந்தவர். மைக்குக்கு வெகு பக்கத்தில் நின்று, குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு சொல்லையும் துலக்கி வைத்துப் பாடுவார். ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடத்தில் கற்ற நமக்கு அவர் பாடியது முழுதும் விளங்கியது. நம் பக்கம் அவருக்குக் கிடைத்த செல்வாக்கில் பாதிக்கு அதுவே காரணம் என்பேன். ‘ஹீல் ஹேவ் டு கோ’ 1959 கடைசியில் வந்தபோது இசைத்தட்டு கம்பெனி நம்பியது தட்டின் மறுபக்கத்துப் பாட்டை. வானொலிக்காரர்கள்தான் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். 1960இல் அது கன்ட்ரி பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. மது விடுதியில் நின்றுகொண்டு ஒருவன் தொலைபேசியில் பேசுகிறான். அந்த முனையில் அவள் தனியாக இல்லை என்று அவனுக்குத் தெரியும். கெஞ்சலும் கண்டிப்பும் கலந்த அந்த ஒருதலைப் பேச்சு அருமையான வேலைப்பாடு. அதை எழுதியவர்கள் ஜோ ஆலிசன், ஆட்ரி ஆலிசன் என்ற கணவன் மனைவி. உங்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்?

என் வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. நம் வானொலி அறிவிப்பாளர்கள் படத்தின் பெயர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் என்று எல்லாரையும் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். அப்படிப் பழகிய காது நம்முடையது. கன்ட்ரி பாட்டென்று வந்தால் மட்டும் பாடியவரோடு நின்றுவிடுகிறோம். பாட்டுக்குப் போட வேண்டிய ஓட்டைக் குரலுக்குப் போடுகிறோம். குரலுக்குப் போட வேண்டியதை அந்த மனிதர் பட்ட பாட்டுக்குப் போடுகிறோம்.

அமெரிக்கர்களும் இதில் ஒருமுடிவுக்கு வந்துவிடவில்லை. 2003இல் சி.எம்.டி. தொலைக்காட்சி டாமி வைனெட்டின் ‘ஸ்டாண்ட் பை யுவர் மேன்’ பாட்டுக்கு முதலிடம் கொடுத்தது. 2014இல் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை ஜானி கேஷின் ‘ஐ வாக் தி லைன்’ என்றது. பழைய ரசிகர்களைத் தனியே கேட்டால் பலரும் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடிய ‘ஹீ ஸ்டாப்ட் லவ்விங் ஹெர் டுடே’ என்பார்கள். டாமியின் பாட்டு 1968இல் அவரும் தயாரிப்பாளர் பில்லி ஷெரிலும் சேர்ந்து சட்டென்று எழுதி முடித்தது. புருஷனை விட்டு விலகாதே என்று பெண்களுக்குச் சொல்லும் பாட்டு. பாடியவர் வாழ்க்கையில் ஐந்து திருமணம். கேலிக்காகச் சொல்லவில்லை. அந்தப் புத்திமதியை நம்ப ஆசைப்பட்ட ஒருத்தியின் குரல் அது, அதனால்தான் கடைசியில் அவர் மேலே ஏறும் இடம் உலுக்குகிறது. ஆனால் குரலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது புத்திமதி மட்டும்.

‘ஐ வாக் தி லைன்’ வேறு ரகம். 1956, மெம்ஃபிஸ் நகரத்து சன் ரெக்கார்ட்ஸ். டிரம்ஸ் இல்லாத குழு. கேஷ் தன் கிட்டார் தந்திகளுக்கு நடுவே ஒரு காகிதத்தைச் செருகிக்கொண்டு தட்டினார், அது டிரம்ஸ் மாதிரியே ஒலித்தது. சரணத்துக்குச் சரணம் சுருதி மாறும். அடுத்த சுருதியைப் பிடிக்க அவர் வாய்க்குள் முனகிக்கொள்வார். அந்த முனகலும் பாட்டில் சேர்ந்துவிட்டது. மெதுவாகப் பாட நினைத்ததை வேகமாகப் பாட வைத்தவர் கம்பெனி முதலாளி சாம் ஃபிலிப்ஸ். ஒலியாக அது ஒரு கண்டுபிடிப்பு. வேறு யாராவது பாடிக் கேளுங்கள், கேஷைப் போல நடித்துக் காட்டுகிறார் என்றுதான் தோன்றும்.

‘பழைய’ என்பதற்கு எல்லை எது என்று ஒரு கேள்வி உங்கள் கூட்டத்தில் எழும். வீண் சண்டை. 1927 கோடையில் ரால்ஃப் பீர் என்பவர் டென்னஸி, வர்ஜீனியா எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் ஊரில் ஒலிப்பதிவுக் கருவியோடு இறங்கி, கார்ட்டர் குடும்பத்தையும் ஜிம்மி ராஜர்ஸையும் பதிவு செய்தாரே, அதிலிருந்து 1980 வரை வைத்துக்கொள்ளுங்கள். போதும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கார்ட்டர் குடும்பம் 1929இல் ‘ஐயம் திங்கிங் டுநைட் ஆஃப் மை ப்ளூ ஐஸ்’ என்ற காதல் பாட்டைப் பதிவு செய்தது. கிட்டத்தட்ட அதே மெட்டில் 1936இல் ராய் ஏகஃப் ‘தி கிரேட் ஸ்பெக்கிள்ட் பேர்ட்’ என்ற பக்திப் பாட்டைப் பாடினார். அந்த மெட்டு 1952இல் ஹாங்க் தாம்ஸனிடம் வந்தது. வீட்டை விட்டு மது விடுதிக்குப் போய்விட்ட பெண்ணைப் பழிக்கும் ‘தி வைல்ட் சைட் ஆஃப் லைஃப்’. அதே ஆண்டு கிட்டி வெல்ஸ் அதே மெட்டை எடுத்துக்கொண்டு பதில் கொடுத்தார்: அந்தப் பெண்களைக் கெடுத்தது கல்யாணத்தை மறைத்துத் திரியும் ஆண்கள்தானே என்று. என்.பி.சி. வானொலி அந்தப் பாட்டைத் தடை செய்தது. அப்படியும் அது முதலிடத்துக்குப் போனது. தனிக்குரலில் ஒரு பெண் பாடிய பாட்டு பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது அதுவே முதல் தடவை. எழுதியவர் ஜே.டி. மில்லர் என்ற ஆண் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காதலுக்கும் கடவுளுக்கும் பழிக்கும் பதிலடிக்கும் ஒரே மெட்டு. இதில் எந்தப் பாட்டுக்கு ஓட்டு? வரலாறு என்று பார்த்தால் கிட்டி வெல்ஸுக்கு. அவர் இல்லாவிட்டால் லொரெட்டா லின் ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ என்று தன் கென்டக்கிச் சுரங்கக் குடிசையைப் பாட வழி திறந்திருக்காது. ஆனால் அந்தப் பாட்டின் சுவை பாதி சண்டையில் இருக்கிறது. தாம்ஸன் பாடியதைக் கேட்காதவருக்கு அதில் பாதிதான் கிடைக்கும். மற்ற இசை வகைகளில் புதுமெட்டுக்கு மாலை போடுவார்கள். இங்கே மெட்டு ஊர்ப் பொதுச்சொத்து. ஆகவே சொல்லும் மெட்டும் சேர்ந்து நிற்கிறதா, பிறந்த வாயை விட்டு வேறொரு வாய்க்குப் போனாலும் நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். என் உரைகல் இது ஒன்றுதான்.

இனி ஜார்ஜ் ஜோன்ஸ். உங்களில் பாதிப் பேர் என்னோடு முறைத்துக்கொள்ளப் போகும் இடம்.

‘ஹீ ஸ்டாப்ட் லவ்விங் ஹெர் டுடே’ பாட்டை எழுதியவர்கள் பாபி பிராடக், கர்லி புட்மன். தயாரிப்பாளர் அதே பில்லி ஷெரில். சாகும்வரை உன்னை நேசிப்பேன் என்றவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான். அவன் நேசிப்பதை நிறுத்தினான் என்றால் செத்துப்போனான் என்று பொருள். முதல் வடிவம் ஷெரிலுக்குத் திருப்தியில்லை. அந்தப் பெண் சாவு வீட்டுக்கு வர வேண்டும் என்று சொல்லித் திரும்பத் திரும்ப எழுத வைத்தார். இன்று அந்தக் காட்சி இல்லாமல் பாட்டை நினைத்துப் பார்க்க முடியாது. தயாரிப்பாளர் என்ன செய்கிறார் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

ஜோன்ஸுக்குப் பாட்டு பிடிக்கவில்லை. இழவுப் பாட்டை எவன் வாங்குவான் என்றார். அப்போது அவர் குடியிலும் கொக்கெய்னிலும் மூழ்கிக் கிடந்த காலம். கச்சேரிக்கு ஒப்புக்கொண்டு வராமல் போவதால் ‘நோ ஷோ ஜோன்ஸ்’ என்றே பெயர். டாமி வைனெட்டோடு 1975இலேயே விவாகரத்து. ஒலிப்பதிவில் மெட்டைப் பிடிக்க மாட்டாமல் கிறிஸ் கிறிஸ்டஃபர்சனின் ‘ஹெல்ப் மீ மேக் இட் த்ரூ தி நைட்’ மெட்டுக்குள் போய்ப் போய் விழுந்தார். நடுவில் வரும் நாலு வரிப் பேச்சைக் குழறாமல் சொல்ல முடியவில்லை. எத்தனையோ தடவை எடுத்துத் தேற்றினார்கள். 1980 ஏப்ரலில் தட்டு வந்தது, ஜூலையில் முதலிடம். மூழ்கியவரை மேலே தூக்கியது அந்த ஒரு பாட்டு. இதை அவரே தன் சுயசரிதையில் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

பதிவு என்று பார்த்தால் இதற்கு மேல் எதுவும் இல்லை. தொடக்கத்தில் ஜோன்ஸ் ஒரு செய்தியைச் சொல்வது போல அடக்கிப் பாடுகிறார். வயலின்கள் பின்னாலிருந்து படிப்படியாக எழுகின்றன. தலைப்பு வரி வரும்போது குரல் பிளக்காமல், ஆனால் பிளக்கும் விளிம்பில் நிற்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுகிற மனிதன். கன்ட்ரி இசையின் ஆகச்சிறந்த பதிவு என்று தீர்மானம் போடுங்கள், முதல் ஆளாகக் கையெழுத்திடுகிறேன்.

பாட்டு என்றால் மாட்டேன். அது ஒரு திருப்பத்தை நம்பி நிற்கும் கதை. முதல் தடவை அடிவயிற்றில் குத்தும். மறுதடவை என்ன வரப்போகிறது என்று தெரிந்துதான் கேட்கிறோம். அப்போதும் நம்மை உட்கார வைப்பது ஜோன்ஸின் குரல். 2013 மே மாதம் கிராண்ட் ஓல் ஆப்ரி அரங்கில் அவருடைய இறுதி அஞ்சலியில் ஆலன் ஜாக்சன் இதைப் பாடினார், முடிக்கும்போது தொப்பியைக் கழற்றினார். கல்லும் கரையும் காட்சி. ஆனால் அங்கே அந்தப் பாட்டு யாரோ ஒரு காதலனைப் பற்றியதாக இல்லை. ஜோன்ஸைப் பற்றியதாகவே ஆகிவிட்டது. இன்னொருவர் பாடினாலும் அவரைத்தான் கேட்கிறோம் என்றால், நாம் கேட்பது பாட்டை அல்ல.

பாட்ஸி க்ளைனின் ‘கிரேஸி’ இந்த உரைகல்லில் இன்னும் கொஞ்சம் தாங்கும். வில்லி நெல்சன் எழுதியது. பாட்ஸி 1961 ஜூனில் கார் விபத்தில் சிக்கி, விலா எலும்பு வலியோடு ஆகஸ்டில் பாட வந்தார். அன்று உச்சத்தை எட்ட முடியவில்லை. வாத்தியங்களை மட்டும் பதிந்து வைத்துவிட்டு, சில வாரம் கழித்து வந்து பாடிக் கொடுத்தார். அந்தப் பாட்டு கன்ட்ரி பட்டியலில் இரண்டாமிடத்தைத் தாண்டவே இல்லை. முதலிடம் என்பது எவ்வளவு அற்பமான அளவுகோல் என்பதற்கு இது ஒன்று போதும்.

டாலி பார்ட்டனின் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ என்னைத் தூங்கவிடாத பாட்டு. தன்னைத் தொலைக்காட்சியில் வளர்த்துவிட்ட போர்ட்டர் வேகனரை விட்டுத் தனியே போக முடிவு செய்தபோது, வாதாடிப் பயனில்லை என்று எழுதிக்கொண்டு போய்ப் பாடிக் காட்டியது. வெளிவந்தது 1974இல். எல்விஸ் பாட விரும்பினார். உரிமையில் பாதியை எழுதிக் கொடுத்தால்தான் ஆயிற்று என்று அவருடைய மேலாளர் கர்னல் பார்க்கர் சொல்ல, டாலி மறுத்துவிட்டார். எல்விஸையே வேண்டாம் என்று சொல்ல 1970களில் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! 1992இல் விட்னி ஹூஸ்டன் பாடி உலகமே கேட்டதும், அந்த மறுப்பு எவ்வளவு பெறுமதியானது என்று எல்லாருக்கும் தெரிந்தது. வேறு வாய்க்குப் போயும் நின்ற பாட்டு, சந்தேகமில்லை. எனக்கிருக்கும் தயக்கம் ஒன்றுதான். திரும்பத் திரும்ப வருவது ஒரே வாக்கியம். அதைத் தூக்கி நிறுத்துவது முழுக்கக் குரலின் வேலை. டாலியிடம் அது விடைபெறுவதாக இருக்கிறது, விட்னியிடம் வெற்றி முழக்கமாகிவிடுகிறது. இரண்டு பேரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்களா என்றே சில சமயம் ஐயம். இரண்டாமிடம் கொடுக்கிறேன், மனமில்லாமல்.

என் ஓட்டு ஹாங்க் வில்லியம்ஸ் எழுதிய ‘ஐயம் சோ லோன்ஸம் ஐ குட் க்ரை’ பாட்டுக்கு.

1949 ஆகஸ்ட் 30, சின்சினாட்டி நகரத்து ஹெர்ஸாக் ஒலிப்பதிவுக்கூடம். வயது 25. டிரம்ஸ் கிடையாது. வால்ட்ஸ் நடை. அன்று ஸ்டீல் கிட்டார் வாசித்தவர் ஜெர்ரி பேர்ட். அந்த வாத்தியம் ஹவாய்த் தீவிலிருந்து வந்தது, பேர்ட் அதன் மேல் கொண்ட மோகத்தில் பின்னாளில் ஹவாய்க்கே குடிபோனார். தட்டு வந்தபோது இந்தப் பாட்டு பின்பக்கத்தில் இருந்தது. முன்பக்கம் ‘மை பக்கெட்ஸ் காட் எ ஹோல் இன் இட்’ என்ற குதூகலப் பாட்டு. வானொலிக்காரர்கள் இந்தத் தடவை தட்டைத் திருப்பவில்லை.

பாட்டில் கதை இல்லை. யார் போனார், ஏன் போனார், யார் மேல் தப்பு, ஒன்றும் கிடையாது. பல்லவி என்று தனியே ஒன்றும் இல்லை, நான்கு சரணம்தான். ஒரு ராப்பறவை, நள்ளிரவு ரயில், மேகத்துக்குப் பின்னே போகும் நிலா, இலையுதிர் காலத்து ராபின் குருவி, ஓர் எரிநட்சத்திரம். இரவில் தூங்காமல் கிடப்பவன் காதில் விழுவதும் கண்ணில் படுவதும் மட்டுமே. பிரிந்து போன ஒருவர் இருக்கிறார் என்பதே கடைசிச் சரணத்தில், போகிற போக்கில்தான் தெரிகிறது. அதுவரை எதற்காக இந்தத் தனிமை என்று கேட்கக்கூட நமக்குத் தோன்றுவதில்லை. திருப்பம் இல்லாததால் எத்தனை தடவை கேட்டாலும் தீர்ந்துபோகாது. முதலில் இதைப் பாடாமல் பேச்சாகவே சொல்லிப் பதிய நினைத்தார் என்பார்கள். அப்படிச் செய்திருந்தாலும் சொற்கள் தாங்கியிருக்கும்.

மெட்டு மட்டும் தனியே தாங்குமா? 1972இல் சார்லி மெக்காய் ஒரு சொல்கூட இல்லாமல் ஹார்மோனிகாவில் வாசித்தார், தாங்கியது. 1966இல் பி.ஜே. தாமஸ் பாப் பாட்டாக்கினார். 1973இல் ஆல் கிரீன் அதை மெம்ஃபிஸ் சோல் நடையில் மெல்ல உருக்கினார். அதே ஆண்டு ஹவாய்க் கச்சேரியில் எல்விஸ், தான் கேட்டதிலேயே மிகச் சோகமான பாட்டு இதுவாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் பாடினார். 1995இல் கசாண்ட்ரா வில்சன் ஜாஸ் பக்கம் கொண்டுபோனார். ஒருவரும் ஹாங்க் வில்லியம்ஸாக நடிக்க வேண்டியிருக்கவில்லை. அவரவர் தனிமையை அவரவர் பாடினார்கள்.

ஹாங்கின் சாவுதான் இந்தப் பாட்டுக்கு மகிமை கொடுத்தது என்று நீங்கள் மறிப்பீர்கள். 1953 புத்தாண்டு நாளில், ஓஹையோ மாநிலத்துக் கேன்டன் ஊர்க் கச்சேரிக்குப் போகும் வழியில், காடிலாக் காரின் பின்சீட்டில் 29 வயதில் செத்துக் கிடந்தார். அந்த நேரம் பட்டியலில் ஏறிக்கொண்டிருந்த அவருடைய பாட்டின் தலைப்பு ‘ஐல் நெவர் கெட் அவுட் ஆஃப் திஸ் வேர்ல்ட் அலைவ்’. இப்படி ஒரு முடிவுக்குப் பிறகு யாருக்கும் புராணம் வந்து சேரும். ஆனால் தேதியைப் பாருங்கள். 1949 அவருடைய ஏறுமுக ஆண்டு. ‘லவ்சிக் பிளூஸ்’ நாடெங்கும் ஒலிக்கிறது. மே மாதம் மகன் பிறக்கிறான். ஜூனில் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் முதல்முறை பாட, மறுபடி பாடு, மறுபடி பாடு என்று ஜனங்கள் விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டில் மனைவி ஆட்ரியோடு சண்டையும் முதுகுவலியும் அப்போதும் உண்டுதான். என்றாலும் ஆகஸ்டில் இந்தப் பாட்டைப் பதிந்தவர் தோற்றுப்போன மனிதரல்ல. வாழ்க்கை எழுதிக் கொடுத்தது என்று சொல்லி அவருடைய எழுத்துத் திறனைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

அவருக்குக் கற்றுக் கொடுத்தவரையும் மறக்கக் கூடாது. அலபாமாத் தெருக்களில் கிட்டார் வாசித்துக் காசு வாங்கிய கறுப்பினக் கலைஞர் ரூஃபஸ் பெய்ன், ‘டீ டாட்’ என்பது பட்டப்பெயர். சிறுவன் ஹாங்க் அவர் பின்னாலேயே திரிந்து கற்றான். பெய்ன் 1939இல் இறந்தார். அவருடைய குரல் ஒரு தட்டில்கூட இல்லை. கார்ட்டர் குடும்பத்துக்கு மலையூர்களில் பாட்டுச் சேகரிக்கத் துணைபோன லெஸ்லி ரிடில், ஆப்ரியில் ஹார்மோனிகா வாசித்துப் புகழ்பெற்று 1941இல் வெளியேற்றப்பட்ட டிஃபோர்ட் பெய்லி, இருவரும் கறுப்பினத்தவர். பெய்லிக்கு நாஷ்வில் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது 2005இல், செத்து இருபத்து மூன்று ஆண்டுக்குப் பிறகு. 1966இல் சார்லி பிரைடின் தட்டுகளைக் கம்பெனி புகைப்படம் இல்லாமல் வானொலிகளுக்கு அனுப்பியது, நிறம் தெரிந்தால் போட மாட்டார்கள் என்று. உங்கள் கூட்டத்தில் இந்தப் பெயர்களை ஒருவராவது எழுந்து சொல்ல வேண்டும்.

ஓட்டுக்கு முன் ஒரு வேண்டுகோள். நீங்கள் தேர்ந்தெடுத்த பாட்டை வேறொருவர் பாடி, ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். நின்றால் ஓட்டுப் போடுங்கள். சீட்டில் பாடியவர் பெயரோடு எழுதியவர் பெயரையும் எழுதுங்கள். எழுதியவர் யார் என்று தெரியாத சீட்டைச் செல்லாத ஓட்டாக அறிவித்துவிடுங்கள்.